பனங்கிழங்குக் கட்டுரையின் பத்தொன்பதாவது குறி

“தும்பைப்பூவின் கட்டுரை மூன்றாம் முறையாக முதற்பக்கத்துக்கு வருகிறது. என் கட்டுரை ஒருமுறையேனும் வந்ததுண்டா, அம்மா?”

கேட்டவர் சிற்றம்பலம், ஓய்வு பெற்ற வட்டாட்சியர். இணையக் கலைக்களஞ்சியத்தில் ஏழாண்டுகளாக ஊதியமின்றி எழுதுபவர். தும்பைப்பூ என்பது சக தொகுப்பாளர் ஒருவரின் புனைபெயர். ஆளை எவரும் கண்டதில்லை. காணாத ஆளின்மீதுதான் இவருக்கு இத்தனை வயிற்றெரிச்சல்.

களஞ்சியத்தின் நிர்வாகி ஜெபக்கனி வயதில் அவருக்கு மகள் போன்றவள். ஆயினும் ஐயம் என்று வந்தால் அவர் அவளிடமே வருவார். அன்று மாவட்ட நூலகத்தில் தொகுப்பாளர்களின் மாதக் கூட்டம். மற்றவர்கள் தேநீருக்குப் போயிருந்தனர்.

“பனங்கிழங்கு! அதற்கொரு கட்டுரை! அதற்கு நாளை முதற்பக்கம்!”

“படித்தீர்களா, ஐயா?”

“படிக்காமலா பத்தொன்பது இடங்களில் ‘சான்று தேவை’ என்று குறியிட்டேன்? ஒரு குறி எஞ்சினாலும் முதற்பக்கம் ஏறாது. அதுதானே விதி?”

“விதிதான்.”

அவள் மடிக்கணினியைத் திறந்தாள்.

“பதினெட்டுக்கு நேற்றே சான்று தந்துவிட்டார். உங்களுக்கு நன்றியும் சொல்லியிருக்கிறார்.”

அந்த நன்றி சிற்றம்பலத்தின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

“பத்தொன்பதாவது?”

“‘காலந்தாழ்த்தி அகழ்ந்த கிழங்கில் நார் மிகும்.’ இதற்குத்தான் சான்று அகப்படவில்லையாம்.”

அவர் முகம் மலர்ந்தது.

“பார்த்தீர்களா! வாய்க்கு வந்ததை எழுதுகிற கை!”

“வரியை நீக்கிவிடட்டுமா?”

“நீக்கக் கூடாது. குற்றம் ஊரறிய நிற்கட்டும். எழுதியவரைத் தண்டியுங்கள்.”

“என்ன தண்டனை?”

“ஒரு திங்கள் தடை. சான்றில்லாமல் எழுதுபவர் களஞ்சியத்தில் புகுந்த எலி, அம்மா.”

ஜெபக்கனி ‘வரலாறு’ என்ற பக்கத்தைத் திறந்தாள். ஒரு கட்டுரையில் எவரும் வரி சேர்க்கலாம்; எந்த வரியை யார், எந்நாளில் எழுதினார் என்பதை அந்தப் பக்கம் மறப்பதில்லை. திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

மூன்றாண்டுகளுக்கு முந்தைய ஒரு பொங்கல் நாள். அந்த ஒரு வரி. அருகே, ‘சிற்றம்பலம்’.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்தார். பெயர் மாறவில்லை. அன்று கடைவாய்ப் பல்லில் நார் சிக்கியதும், அந்த எரிச்சலோடு கணினியின் முன் அமர்ந்ததும் நினைவுக்கு வந்தன. அந்த வரிக்கு இருந்த ஒரே சான்று அந்தப் பல். அதையும் சென்ற ஆண்டு பிடுங்கியாயிற்று.

“தும்பைப்பூ இதை ஏன் நீக்கவில்லை?” என்று கேட்டார்.

“நானும் கேட்டேன். ‘நல்ல வரி. எழுதியவர் ஒருநாள் சான்றோடு வருவார்’ என்றார்.”

அவள் விரல் ‘தடை செய்’ என்ற பொத்தானின்மேல் நின்றது.

“ஒரு திங்கள் என்றீர்கள், ஐயா.”

சிற்றம்பலம் எழுந்தார்.

“வேளாண்மை நூல்கள் எந்த அடுக்கில் இருக்கின்றன, அம்மா?”

“மூன்றாவதில். ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.”