ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்

உப்பு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த சாத்தப்பன், ஐம்பது வயதில் வண்டியை மகனிடம் கொடுத்துவிட்டு, ஆற்றங்கரையில் பள்ளி நடத்திவந்த வடிவம்மையிடம் சீடராகச் சேர்ந்தார். குருவுக்குச் சீடரைவிடப் பத்து வயது குறைவு. அதனால் அந்த அம்மையார் இவரை 'நீர்' என்பார். இவர் அவரை 'அம்மா' என்பார்.

ஆறு வருஷம் கழிந்தது.

ஒருநாள் கூகைமலையிலிருந்து இரண்டு பெரியவர்கள் வந்தார்கள். அவர்கள் ஊரில் எழுத்து அறிந்தவர் ஒருவரும் இல்லை.

"எங்க பிள்ளைகளுக்கு ஒரு வாத்தியாரை அனுப்பி வையுங்கம்மா" என்றார் மூத்தவரான வேலப்பன்.

வடிவம்மை சாத்தப்பனைக் கை காட்டினார். சாத்தப்பனின் நெஞ்சு தளும்பியது. இந்த ஒரு கை அசைவுக்காகத்தான் ஆறு வருஷமும் காத்திருந்தார்.

"வாத்தியாருக்கு நாங்க என்ன செய்யணும்?"

வடிவம்மை வாய் திறப்பதற்குள் சாத்தப்பன் முந்திக்கொண்டார். "எதுவும் வேண்டாம். யார் வீட்டிலாவது மிஞ்சினால் கொஞ்சம் கூழ். மிஞ்சாத நாளில் தண்ணீர் போதும்."

வேலப்பன் பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்தார். "பார்த்தியா? இப்படி ஒரு மனுசரைத்தான் தேடிக்கிட்டு இருந்தோம்."

"அமாவாசைக்கு வாருங்கள். பதில் சொல்கிறேன்" என்றார் வடிவம்மை.

அவர்கள் போனதும் சாத்தப்பன் கேட்டார்: "நான் சொன்னது சரிதானே, அம்மா? சொல்லிக்கொடுக்கிறவன் சோற்றைப் பற்றிப் பேசலாமா?"

"நெடுங்கரைக்குப் போயிருக்கிறீரா?"

"வண்டி போகாத ஊர். போனதில்லை."

"நடந்து போம். அந்த ஊர்க்காரர்கள் எண்ணுவதைக் கேட்டுவிட்டு வாரும்."

"எதை எண்ணுவதை?"

"எதையாவது."

இரண்டு நாள் நடந்து நெடுங்கரைக்குப் போய்ச் சேர்ந்தார். ஊர் எல்லையில் ஒரு பெண்பிள்ளை ஆடுகளைப் பட்டியில் அடைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஆட்டின் முதுகையும் தொட்டு எண்ணினாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு..."

நின்றாள். மூச்சை இழுத்தாள். "எட்டு, ஒம்பது, பத்து, பதினொண்ணு."

"ஏம்மா, ஏழுக்கு அப்புறம் ஏன் நிறுத்தினே?"

"எங்கே நிறுத்தினேன்?"

"ஏழு சொல்லிட்டு நின்னியே."

"எட்டு அப்படித்தானே வரும்? உங்க ஊர்ல எட்டு என்ன, ஓடியா வருது?"

"நிக்காமச் சொல்லிப் பாரேன்."

அவள் சிரித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தாள். "ஆறு, ஏழு, எட்..." நாக்கு தடுக்கியது. மறுபடி தொட்டாள். மறுபடியும் தடுக்கியது. "போய்யா, உன்னோட பேசினதுல என் ஆட்டுல ஒண்ணு குறையுது" என்று படலைச் சாத்தினாள்.

ஊருக்குள் ஒரு கல்யாணம். பந்தலில் இலை போட்டுக்கொண்டு வந்தவன் எண்ணிக்கொண்டே வந்தான். எட்டாவது இலை அவன் கையில் ஒரு கணம் அந்தரத்தில் நின்று, பிறகுதான் தரைக்கு இறங்கியது. கோலத்துக்குப் புள்ளி வைத்த மணப்பெண்ணின் தங்கை ஏழாம் புள்ளியில் விரலை நிறுத்தினாள். கிணற்றில் குடம் எண்ணி இறைத்த கிழவர் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். ஏழு முடிந்ததும் அந்த ஊர் மொத்தமும் ஒரு தரம் மூச்சு வாங்கியது.

சாத்தப்பனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பந்தல் ஓரத்தில் ஒரு தாய் தன் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு இரண்டு வயதிருக்கும். சொல்லே இன்னும் திருந்தவில்லை. "ஆலு, ஏலு" என்றது. அப்புறம் அந்தச் சின்ன மார்பு ஏறி இறங்கியது. "எத்து" என்றது.

"யார் உங்களுக்கு எண் சொல்லிக்கொடுத்தது?" என்று சாத்தப்பன் கேட்டார்.

"எங்க அம்மா."

"அவங்களுக்கு?"

"அவங்க அப்பா. ரொம்பக் காலத்துக்கு முன்னே யாரோ ஒரு வாத்தியார் இருந்தாராம். பேரெல்லாம் தெரியாது."

சாத்தப்பன் இரண்டு நாள் நடந்து திரும்பினார். பள்ளிக்கு வந்ததும் வடிவம்மையின் எதிரில் உட்கார்ந்தார்.

"அந்த வாத்தியாரின் பெயர் போய்விட்டது, அம்மா. முகம் போய்விட்டது. எரித்தார்களா புதைத்தார்களா என்றுகூட யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் மூச்சு இருக்கிறது. பால்மணம் மாறாத குழந்தைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு முன்னால் விழுந்து கும்பிடலாம்போல இருந்தது."

"சரி."

"அந்த நிறுத்தத்துக்குப் பொருள் என்ன என்று வழியில் யோசித்தேன். சுரம் ஏழு. உலகம் ஏழு. அதற்கு மேல் மௌனம். எவ்வளவு பெரிய ஞானி அவர்!"

"அவரும் அந்த ஊருக்குப் போனபோது, மிஞ்சினால் போதும் என்றுதான் சொன்னாராம்" என்றார் வடிவம்மை.

"அப்படியா!"

"ஊரும் சந்தோஷப்பட்டது. சில நாள் மிஞ்சியது. பல நாள் மிஞ்சவில்லை. பிள்ளைகளை எதிரில் உட்காரவைத்து எண் சொல்லத் தொடங்குவார். ஏழுக்கு மேல் அவருக்கு மூச்சு எட்டாது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்று, இழுத்து, பிறகு எட்டு என்பார். எட்டு அப்படித்தான் சொல்லவேண்டும்போல என்று பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள்."

"அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் என் குருவின் குரு" என்று தொடர்ந்தார் வடிவம்மை. " வெளியூர் வந்த பிறகுதான் அவருக்கே அது தெரிந்தது. மாற்றிக்கொள்ள ஆனமட்டும் பார்த்தாராம். முடியவில்லை. கடைசிவரை சீடர்களுக்கு எழுத்து மட்டும் சொல்லிக்கொடுத்தார். எண் கற்க வேறு ஒருவரிடம் அனுப்பிவிடுவார்."

அன்று சாத்தப்பனுக்கு எதிரில் வைத்த சோறு ஆறிப்போனது. வடிவம்மை வந்து பார்த்தார். "சாப்பிடும்" என்று மட்டும் சொன்னார். அவர் சாப்பிட்டார்.

அமாவாசையன்று காலையில் கூகைமலைக்காரர்கள் வந்தார்கள்.

"வாத்தியாரை அழைச்சுக்கிட்டுப் போகலாமா?"

சாத்தப்பன் எழுந்து நின்றார். இதைச் சொன்னால் அவர்கள் வேறு ஆளைத் தேடிப் போய்விடலாம் என்பது அவருக்குத் தெரியும்.

"எனக்கு மூன்று வேளையும் சாப்பாடு வேண்டும்" என்றார். "மிஞ்சினது இல்லை. வடித்த சோறு. பருப்பு, மோர். மழைக்காலத்தில் ஒழுகாத கூரை. உடம்புக்கு முடியாமல் போனால் வைத்தியர்."

வேலப்பன் கண்ணைச் சுருக்கினார். "என்னங்க இது? அன்னிக்குத் தண்ணி போதும்னீங்க. பதினஞ்சு நாள்ல இம்புட்டுப் பசி எங்கேருந்து வந்துச்சு?"

கூட வந்தவர் சிரித்தார். "மாப்பிள்ளை அழைக்க வந்துட்டோம்போல."

சாத்தப்பனின் முகம் கன்றியது. ஆனாலும் உட்காரவில்லை. சொன்னதை மாற்றவும் இல்லை.

வேலப்பன் வடிவம்மையின் பக்கம் திரும்பினார். "நீங்களே நியாயம் சொல்லுங்கம்மா. எங்க ஊர்ல பாதிப் பேருக்கு ராத்திரி கூழுதான். இந்த ஒத்தை ஆளுக்கா இவ்வளவு சோறும்?"

"உங்கள் பேரன்களுடைய பேரன்களுக்கு" என்றார் வடிவம்மை. "அவர்களுக்கு இன்னும் வாய் முளைக்கவில்லை. அதுவரைக்கும் இவர் வாயில் போடுங்கள்."