கடைசிப் பாயும் ஓர் அகப்பையும்

"இருபத்திரண்டு மழைக்காலம் துறவியாய் இருந்தவன் நான். போன வருஷம் தலை மழித்த நெசவுக்காரருக்குப் பின்னாலா எனக்குப் பாய்?"

இப்படிச் சத்தம் போட்டவர் வேறு யாருமில்லை, ஆசையை அடியோடு விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்ட சுமனதேரர்தான். சண்டை அப்படியே நிற்கட்டும். அது எப்படி வந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

கடலோடிகள் காற்றை நம்பிக் கப்பல் விட்ட காலத்தில், ஒரு துறைமுகப் பட்டினத்து ஆற்றின் இரு கரையிலும் இரண்டு புத்த விகாரைகள் இருந்தன. வடகரையில் ஒவ்வொரு துறவியும் தன் விடுதலைக்குத் தானே பாடுபட்டார். தென்கரையில் சேருகிறவரோ முதலில் ஒரு சபதம் சொல்ல வேண்டும்: "எல்லா உயிரும் கரையேறட்டும். அதன் பிறகே நான் ஏறுவேன்."

அந்தச் சபதத்தின் மேல் சுமனதேரருக்கு மனம் போயிற்று. வடகரையை விட்டார், படகேறினார், தென்கரையில் கணீரென்று சபதம் சொன்னார்.

தலைவர் தருமசீலர் அவர் கையில் ஓர் அகப்பையைக் கொடுத்தார். "அந்தக் கரையின் மழைக்காலக் கணக்கு இங்கே செல்லாது. புதிதாகச் சேர்ந்தவர்தான் எல்லாருக்கும் பரிமாற வேண்டும், கடைசிப் பாயில் உட்கார்ந்து கடைசியாக உண்ண வேண்டும். உங்களுக்குப் பின் இன்னொருவர் புதிதாகச் சேரும்வரை இந்த அகப்பையை வேறு கை தொடாது" என்றார்.

சுமனதேரர் பணிவாகத் தலையாட்டினார். தலையாட்டுவதில் என்ன கஷ்டம்? அகப்பை வெறும் சடங்கு என்று நினைத்து, அதைச் சுவரில் சாத்திவைத்தார்.

மறுநாள் ஊரார் கொண்டுவந்த சோறு பானையில் ஆவி பறந்தது. நாற்பது துறவிகள் காத்திருந்தார்கள். சுமனதேரர் நேரே போய் முதல் பாயில் உட்கார்ந்தார். தருமசீலர் நகர்ந்து இடம் விட்டார். பரிமாற ஆளில்லை. நடுப்பகல் தாண்டினால் துறவிகள் உண்ணக் கூடாது. முற்றத்துத் தூணின் நிழல், நடுப்பகலைக் காட்டத் தரையில் கீறியிருந்த கோட்டைத் தொட்டதும், எல்லாரும் வெறும் பாத்திரத்தைக் கவிழ்த்தார்கள். சோறு வாசலில் நின்ற ஏழைகளுக்குப் போயிற்று. அவர்களுக்காவது நல்ல நாள்.

இரண்டாம் நாள் அவர் நடுப்பாயில் உட்கார்ந்தார். பாதி விட்டுக்கொடுத்தாராம். நிழல் கோட்டைத் தொட்டது. பாத்திரங்கள் கவிழ்ந்தன.

மூன்றாம் நாள் தருமசீலர் கடைசிப் பாயைக் கையால் காட்டினார். அப்போது பிறந்ததுதான் நான் முதலில் சொன்ன சண்டை.

அந்த நெசவுக்காரர் கொற்றனார், எழுபது வயதுக்காரர். ஒரு வருஷம் அகப்பை பிடித்துவிட்டு இப்போதுதான் ஒரு பாய் முன்னேறியிருந்தார். "சாமி, என் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். கடைசிப் பாய் எனக்குப் பழக்கம்தான். அகப்பையை மட்டும் நான் தொட முடியாது" என்று எழுந்தார். மூன்று நாள் பட்டினி. முழங்கால் மடங்கி, அப்படியே சுவரோடு சரிந்தார்.

தருமசீலர் மெதுவாகக் கேட்டார்: "எல்லா உயிரும் கரையேறிய பிறகு ஏறுவதாகச் சொன்னீர்கள். நாற்பது பேர் சாப்பிட்ட பிறகு சாப்பிட முடியாதா?"

சுமனதேரர் கொற்றனாரைத் தாங்கி உட்காரவைத்தார். சுவரில் சாத்திய அகப்பையை எடுத்துக் கழுவினார். முதல் சோறு கொற்றனாரின் பாத்திரத்தில் விழுந்தது. பிறகு வரிசையாக எல்லாருக்கும் இட்டார், ஓடி ஓடி இட்டார்.

நாற்பதாவது துறவியும் உண்டு முடித்தபோது நிழல் கோட்டைத் தொட்டுவிட்டது. பானையில் ஒரு பிடி மிச்சம் இருந்தது. யாரும் சொல்லாமலே சுமனதேரர் தன் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுக் கடைசிப் பாயில் உட்கார்ந்தார்.

"தலைவரே, அந்தச் சபதத்தை இன்னொரு முறை சொல்லவிடுங்கள். அன்றைக்கு வாயால் மட்டும் சொல்லிவிட்டேன்."



புதிய கரைக்குப் போகிறவர் பழைய கரையின் பெருமையைப் படகில் ஏற்றக் கூடாது.