பகல் தூக்கத்துக்குச் சாட்சி

முன்னொரு காலத்தில், வழக்கு விசாரிப்பதென்றாலே கொட்டாவி விடுகிற ராஜா ஒருவர் இருந்தார். ஒருநாள் அலுத்துப்போய், "இனிமேல் யார்மேல் குற்றம் சொன்னாலும், செய்யவில்லை என்று அவரே நிரூபிக்கட்டும். இல்லாவிட்டால் வலது கை போகும்!" என்று சட்டம் போட்டுவிட்டார். ராஜாவுக்கு வேலை மிச்சம். ஊருக்குத்தான் திண்டாட்டம்.

அந்தச் சபையின் விகடகவி பூவாண்டி. சபையையே சிரிக்கவைத்துவிட்டு வீட்டுக்குப் போனால், ஏனென்று கேட்க ஒரு நாதி கிடையாது. மனைவி இறந்துபோனபின் அடுப்பு மூட்டுவதும் அவனே, ஆறிய சோற்றைத் தின்பதும் அவனே. பாவம்!

அவனைக் கண்டாலே பிரதானி மழவராயருக்கு ஆகாது. ஒரு மத்தியானம் ராஜாவின் தங்க வெற்றிலைப் பெட்டி காணாமல் போயிற்று. "பூவாண்டிதான் எடுத்தான், பிரபு!" என்று சபையில் பழியைப் போட்டார் அவர்.

"அந்நேரம் எங்கே இருந்தாய்?" என்றார் ராஜா.

"வீட்டில் படுத்திருந்தேன், மகாராஜா."

"கண்டவர் யார்?"

"சுவர்தான். என் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?"

சபை சிரித்தது. பூவாண்டி தன் வலது கையைப் பார்த்தான். கை போனால் சோறு ஊட்டிவிடக்கூட ஆளில்லையே என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு நிமிர்ந்தான்.

"நானும் ஒரு குற்றம் சொல்கிறேன். பெட்டியை எடுத்தவர் மகாராஜாவேதான்!"

"அடப்பாவி!" என்று துள்ளினார் மழவராயர்.

"யார்மேல் சொன்னாலும் என்பதுதானே சட்டம்? மகாராஜா, அந்நேரம் எங்கே இருந்தீர்கள்?"

"பள்ளியறையில் தூங்கினேன்!"

"கண்டவர் யார்?"

ராஜா தூங்குவதை யாரும் பார்க்கக் கூடாது என்பது அந்த நாட்டு வழக்கம். காவலர்கள்கூடக் கதவுக்கு வெளியே முதுகைக் காட்டித்தான் நிற்பார்கள்.

"எனக்கும் யாருமில்லையடா" என்றார் மெல்ல. பிறகு தம் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வந்ததே சிரிப்பு! வயிறு குலுங்கச் சிரித்து முடித்து, "ஒழிந்தது அந்தச் சட்டம்! இனிக் குற்றம் சொன்னவரே நிரூபிக்கட்டும். மழவராயரே, நீர் கண்ணால் பார்த்தீரா?" என்றார்.

"இல்லை பிரபு... அவனாகத்தான் இருக்கும் என்று..." பிரதானி மென்று விழுங்கினார்.

பெட்டியை யார்தான் எடுத்தார்கள்? எனக்கென்ன தெரியும்! பார்க்காததைச் சொல்லி ஒருவர் கையை வாங்கவா?

"என்ன பரிசு வேண்டும், கேள்" என்றார் ராஜா.

"சாப்பிடும்போது எதிரே ஓர் ஆள், மகாராஜா."

அன்று அரண்மனையில் இரண்டு இலை போட்டார்கள். பூவாண்டி தன் வலது கையால் சோற்றைப் பிசைய, எதிர் இலையில் ராஜா சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்.