வெள்ளிப்பூண் துப்பாக்கி

மேலக்காட்டு ஜமீன்தார் மூன்று நாளாகச் சுட்டுத் தள்ளியும் ஒரு மான்கூட விழவில்லை. விருந்துக்கு வந்திருந்த கலெக்டர் துரை முன்னால், துப்பாக்கி துடைக்கும் மொக்கையன்மேல் பாய்ந்தார்.

"எல்லாம் நீ எடுத்துக் குடுத்த துப்பாக்கியோட கோளாறுடா! இன்னிக்குக் குறி தப்பாததா ஒண்ணு எடு. தப்புச்சு, குடிசையக் காலி பண்ணிட்டு ஓடிரு!"

மொக்கையன் நேரே கூடத்துக்குப் போனான். சுவரில் பன்னிரண்டு மான்தலைகள். அத்தனையையும் வீழ்த்தியதாக ஜமீன்தார் அளந்துவிடும், வேறு யாரும் தொடக்கூடாத வெள்ளிப்பூண் துப்பாக்கியைக் கொண்டுவந்து நீட்டினான்.

"டேய்... டேய்... அது வேண்டாம்டா!"

துரை அதற்குள் வாங்கிக் குழல்வாயில் சுண்டுவிரலை விட்டார். கடையில் பூசி அனுப்பிய கிரீஸ் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தது.

"குறி தப்பாதது இது ஒண்ணுதான் எசமான்," என்றான் மொக்கையன். "ஒரு தடவைகூடச் சுட்டதில்லையே, எப்படித் தப்பும்?"