பங்குனி ஆமைக்கு எத்தனையாவது இடம்?

நாகப்பட்டினத்திலேயே முதல் தரம் என்று பெயர் வாங்கிய ஓட்டலில் நேர்காணல் நடந்தது. மேல்படிப்புக்கு உதவித்தொகை தரும் அறக்கட்டளையின் தலைவர் தீனதயாளன் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். எதிரே மீனவர் வீட்டுப் பெண் ஜெசிந்தா. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒரே ஏக்கம். கரையில் முட்டையிட்டுவிட்டுத் திரும்பும் பங்குனி ஆமை எங்கே போகிறது என்று தெரிய வேண்டும்.

“உலகத் தரவரிசையில நூத்தி எழுபதாவது பல்கலைக்கழகமா? முதல் இடத்துக்கு எழுதிப் போடு. இல்லேன்னா உதவித்தொகை கிடையாது” என்றார் தலைவர்.

“அந்த வரிசையைப் பார்த்துத்தான் சார் தேட ஆரம்பிச்சேன். முதல் இடத்துல ஆமையைப் பத்திச் சொல்லித்தர ஆளே இல்ல. இந்த நூத்தி எழுபதாவதுல இருக்காங்க.”

“முதல் இடம்னா எல்லாத்துலயும் முதல்தாம்மா!”

அப்போது தலைவரின் டிரைவர் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து வைத்தார். அறை முழுக்கப் பிரியாணி மணம்.

“இந்த ஓட்டல் பிரியாணியா சார்?”

“சேச்சே, இதை வாயில வைக்க முடியாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி காதர் பாய் கடைதான்.”

“ஊர்லயே முதல் ஓட்டல் இதுதானே சார்?”

“அது ரூமுக்கு, ஏசிக்கு. பிரியாணிக்கு…” தலைவர் பாதியில் நிறுத்தினார்.

“நானும் பிரியாணிக்குத்தான் சார் போறேன்.”

டிரைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே ஓடினார். தலைவர் அவளுடைய விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். “சாப்பிடும்மா, ஆறிடும்” என்று பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

ஜெசிந்தா தொடவில்லை. ஜன்னலுக்கு வெளியே கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போன பங்குனியில நான் பார்த்த ஆமை இப்ப எந்தக் கடல்ல இருக்கோ, சார்.”