சுழிக்கொம்பன் இல்லாத ஓட்டம்

தாழங்குளத்துக் காட்டில் ஓட்டப் பந்தயம் என்றாலே சுழிக்கொம்பன்தான். திருகிய கொம்பும் வெள்ளை வாலும் கொண்ட வெளிமான் அது. ஒன்பது வருஷமாக அதுவே முதல்.

பந்தயம் வெறும் விளையாட்டு அல்ல. மாசியில் பந்தயம் நடக்கும். பங்குனி பிறந்ததும் குளம் வற்றத் தொடங்கும். ஓடி வந்த வரிசையில்தான் கோடை முழுவதும் தண்ணீர் குடிக்க வேண்டும். முதலில் வந்தவர் குடும்பத்துக்குத் தெளிந்த நீர். கடைசியில் வந்தவர் குடும்பத்துக்குச் சேறு.

இரண்டாவதாக எப்போதும் செவ்வாலன் என்ற நரி வரும். கடைசியாக எப்போதும் முள்ளழகி என்ற முள்ளம்பன்றி வரும். அது வந்து சேர்வதற்குள் பார்க்க வந்த கூட்டம் கலைந்து, வீட்டுக்குப் போய், சாப்பிட்டுப் படுத்திருக்கும்.

செவ்வாலனுக்கு ஒரே ஒரு பேச்சுதான். "அவன் மட்டும் இல்லைன்னா நான்தான்யா முதல்!" கொட்டாவி விட வாயைத் திறந்தாலும் அதுதான் வரும்.

கூட்டமும் சலித்துக்கொண்டது. "வருஷா வருஷம் இவனேதானா? முடிவு தெரிஞ்ச பந்தயத்துக்கு எதுக்குய்யா வெயில்ல நிக்கணும்?" என்று கேட்டுவிட்டு, எல்லோரும் வெயிலில் போய் நின்றார்கள். வர்ணனை சொல்லும் கிளிக்குத்தான் சுகம். "அதோ வருகிறார் சுழிக்கொம்பன்!" என்ற ஒரு வரியை வைத்தே ஒன்பது வருஷம் ஓட்டிவிட்டது.

ஒரு நாள் சுழிக்கொம்பன் எல்லோரையும் கூப்பிட்டது. "மேற்கே புல்வெளியில என்னைவிட வேகமா ஓடுறவங்க இருக்காங்களாம். அங்க போய்க் கொஞ்சம் தோத்துப் பார்க்கலாம்னு இருக்கேன். வரட்டுமா?" என்றது.

வழியனுப்பு விழாவில் எல்லோரும் கண்ணீர் விட்டார்கள். செவ்வாலன் தரையில் புரண்டு அழுதது. அதைப் பார்த்த குளத்து முதலை, "இதுக்கு ஏன்யா என் பேரைக் கெடுக்குறீங்க?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டது.

மான் கண்ணுக்கு மறைந்ததும் பந்தயத் தலைவரான கரடி தேனப்பர் அறிவித்தார். "இனிமே யார் வேணும்னாலும் ஜெயிக்கலாம்! இதுதான் உண்மையான பந்தயம்!"

"ஆகா!" என்றது கூட்டம். செவ்வாலன் அன்றைக்கே தெளிந்த நீர் இருக்கும் கரைக்குக் குடிமாறிவிட்டது.

முள்ளழகிக்கு அவ்வளவு பெரிய ஆசை இல்லை. போன கோடையில் சேற்றைக் குடித்து அதன் இளைய குட்டி பத்து நாள் எழுந்திருக்கவில்லை. பிழைத்ததே பெரிய காரியம். இந்த வருஷம் மழையும் பொய்த்திருந்தது. "கடைசி இடம் மட்டும் வேண்டாம், சாமி. யாராவது ஒருத்தர் எனக்குப் பின்னாடி வரட்டும்" என்று அது வேண்டிக்கொண்டது.

பந்தய நாள் வந்தது. பன்னிரண்டு பேர் கோட்டில் நின்றார்கள். தேனப்பர் உளுத்துப்போன மரத்தை ஓங்கி அடித்தார். "ஓடுங்க!"

யாரும் ஓடவில்லை.

"நீங்க முன்னாடி போங்கண்ணே!" என்றது காட்டுப்பன்றி.

"சேச்சே! முயல் தம்பி முதல்ல போகட்டும்!" என்றது செவ்வாலன்.

"பெரியவங்க இருக்கும்போது நான் போனா நல்லாவா இருக்கும்?" என்றது முயல்.

அந்தக் காட்டில் அப்படியொரு மரியாதையை யாரும் பார்த்ததில்லை. விஷயம் வேறொன்றுமில்லை. ஒருவருக்கும் வழி தெரியாது! ஒன்பது வருஷமும் சுழிக்கொம்பனின் வெள்ளை வாலைப் பார்த்தே ஓடிப் பழகியவர்கள். வால் திரும்பினால் திரும்புவார்கள். வால் தாண்டினால் தாண்டுவார்கள். பாதை என்று ஒன்று இருப்பதை யார் கண்டார்கள்?

தேனப்பர் மறுபடியும் அடித்தார். கூட்டம் கூச்சல் போட்டது. வேறு வழியில்லாமல் செவ்வாலன் ஓடத் தொடங்கியது. மற்றவர்கள் நிம்மதியாக அதன் பின்னால் ஓடினார்கள்.

அத்திமரத்தடியில் பாதை மூன்றாகப் பிரிந்தது. செவ்வாலன் விழித்தது. நின்றால் மானம் போகும். அதனால் பார்க்க அகலமாக இருந்த இடதுபக்கப் பாதையில் பாய்ந்தது. அது கழுகுப்பாறையைச் சுற்றிவிட்டு, பிரிந்த இடத்துக்கே திரும்பி வரும் பாதை.

ஒரு சுற்று முடிந்ததும் செவ்வாலனுக்கு முன்னால் புழுதி தெரிந்தது. புழுதிக்குள் ஒரு வாலும் தெரிந்தது. "அப்பாடா! யாரோ முன்னாடி போறாங்க!" என்று அதன் பின்னாலேயே ஓடியது. அந்த வால் கூட்டத்தின் கடைசியில் ஓடிய உடும்பினுடையது. உடும்பு முயலைப் பார்த்து ஓடியது. முயல் காட்டுப்பன்றியைப் பார்த்து ஓடியது. காட்டுப்பன்றி செவ்வாலனைப் பார்த்து ஓடியது. பாறையைச் சுற்றிப் பதினொரு பேரும் பிரமாதமாக ஓடினார்கள்.

முள்ளழகி அத்திமரத்துக்கு வர நேரமாயிற்று. எப்போதும் அப்படித்தான். அது வருவதற்குள் புழுதி அடங்கிவிடும், பின்தொடர ஒரு வாலும் இருக்காது. முதல் வருஷம் மூன்று பாதையிலும் போய்ப் பார்த்துத் திரும்பியது. அதன் பிறகு அந்த வழியில் அதற்குத் தெரியாத கல் இல்லை, முள் இல்லை.

பாறையைச் சுற்றுகிறவர்களைப் பார்த்து அது திகைத்தது. "அண்ணே! பாதை இந்தப் பக்கம்! நடுவுல இருக்கிறது!" என்று கத்தியது.

"கடைசியா வர்றவ எங்களுக்கு வழி சொல்றியா?" என்று ஓடிக்கொண்டே சீறியது செவ்வாலன். "பந்தயம் நடக்குது, தெரியல? குறுக்க வராதே!"

முள்ளழகி நடுப்பாதையில் தன் நடையில் போனது.

பந்தயம் முடியும் குளக்கரைக்குக் கூட்டம் முன்பே வந்து காத்திருந்தது. புதர் அசைந்தது. கிளி சிறகடித்து எழுந்தது. "அதோ வருகிறார் சுழிக்கொம்பன்!"

கூட்டம் கைதட்டிக்கொண்டு எழுந்தது. புதரை விலக்கிக்கொண்டு வந்த உருவத்தைப் பார்த்ததும் கைதட்டல் நின்றுபோனது.

கிளி இறங்கி வந்தது. "உன் பேர் என்னம்மா?"

"முள்ளழகி."

"பந்தயத்துக்குப் புதுசா?"

"இது பத்தாவது வருஷம்."

கூட்டத்தில் ஒரு குரங்கு உச்சுக் கொட்டியது. "ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை! சுழிக்கொம்பன் இருந்த காலத்துல பந்தயம்னா பந்தயம்!" போன வருஷம் வரை வெயிலைப் பற்றிப் புலம்பியது இதே குரங்குதான்.

"அவர் இருந்தப்பவும் நான் இந்த வழியாத்தான் வந்தேன்" என்றது முள்ளழகி. "பார்க்கத்தான் நீங்க யாரும் இருந்ததில்லை."

பொழுது சாயும் நேரத்தில், முள்ளழகி சொன்ன நடுப்பாதையிலேயே, நாக்குத் தொங்க மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். "பாதையே கோணல்! இந்தப் பந்தயம் செல்லாது!" என்று கத்தியது செவ்வாலன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! உடனே பஞ்சாயத்துக் கூடியது. மறுபந்தயம் வைக்க வேண்டும் என்று பதினொரு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

தேனப்பர் தலையைச் சொறிந்தார். "வைக்கலாம். ஆனா முன்னாடி ஓடி வழி காட்ட யாரு இருக்கா?"

எல்லோரும் முள்ளழகியைத் தேடினார்கள். அது அங்கே இல்லை. தன் இரண்டு குட்டிகளையும் அழைத்துக்கொண்டு தெளிந்த நீர்க்கரைக்குப் போயிருந்தது.

இளைய குட்டி குடிக்கக் குனிந்தது. குனிந்தபடியே நின்றுவிட்டது. "அம்மா! தண்ணிக்குள்ள யாரோ இருக்காங்க!"

"அது நீதான்டா கண்ணு. குடி" என்றது முள்ளழகி.

பஞ்சாயத்து முடிவு எட்டாமல் கலைந்தது. செவ்வாலன் மெல்ல முள்ளழகியின் பக்கத்தில் வந்து நின்றது. இதுவரை இல்லாத பணிவோடு கேட்டது. "அக்கா! அடுத்த வருஷமும் ஓடுவீங்கதானே? உங்க பின்னாடியே வரலாம்னு பார்க்கிறேன்."

"வாங்க தம்பி, தாராளமா வாங்க!" என்றது முள்ளழகி. "கொஞ்சம் தள்ளியே வாங்க. என் வால்ல முள் இருக்கு!"

முன்னால் ஓடுபவனின் வாலை மட்டுமே பார்த்து ஓடுகிறவனுக்கு, அவன் போன மறுநாளே வழியும் போய்விடும்.