பூரணத்தம்மாளைப் பற்றி இரண்டு வரி

பாளையங்கோட்டையில் ஐம்பது வருஷமாகக் குழந்தைகளைப் பார்த்து வருகிறவர் டாக்டர் சாலமோன். எழுபத்தெட்டு வயதிலும் வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார். ஹலீமா அவரிடம் கற்றுக்கொள்ள வந்தபோது அவளுக்கு நாற்பது வயது. அதற்கு முன்பே பதினான்கு வருஷம் டாக்டராக இருந்தவள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பார்ப்பதென்றால் இவரிடம்தான் கற்க வேண்டும் என்று கேள்விப்பட்டு வந்திருந்தாள். அதுவும் மூன்று வருஷமாகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை, நோயாளிகள் எல்லாரும் போன பிறகும் அவள் எழுந்து போகவில்லை.

“சார், ஒண்ணு கேக்கணும்.”

“கேளு.”

“இந்தப் பிள்ளைகளை முன்னாடி என்னன்னு சொன்னாங்க?”

“ஊமைன்னாங்க. காது கேக்கலைன்னாங்க. காத்துக் கருப்புன்னு வேப்பிலை அடிச்சாங்க. டாக்டருங்க நாங்க மந்தபுத்தின்னு எழுதிக் கொடுத்தோம்.”

“அப்புறம்?”

“அப்புறம் தாயைக் குறை சொன்னோம். தாய் பாசம் காட்டலை, அதனாலதான் பிள்ளை இப்படி ஆயிட்டுதுன்னு வெளிநாட்டுப் புத்தகங்கள்ல இருந்துது.”

“இப்போ அது தப்புன்னு தெரியும். பிறவியிலேயே அவங்க மூளை வேற மாதிரி வேலை செய்யுதுன்னு சொல்றோம்.” ஹலீமா கொஞ்சம் தயங்கினாள். “ஆனா அன்னைக்குச் சொன்னவங்களும் தாங்க சொன்னது சரின்னுதானே நினைச்சிருப்பாங்க? அப்போ நாம இன்னைக்குச் சொல்றது சரிதான்னு எப்படி சார் நம்புறது?”

சாலமோன் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்தார். ஒரு பக்கத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு, ஜூன் மாதம். இசக்கியப்பன், வயது நான்கு, ஊர் சேரன்மகாதேவி. தாய் பெயர் பூரணம். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி. தாய்க்குப் பிள்ளைமேல் பாசம் குறைவு. எப்போதும் பிள்ளையை அணைத்து வைத்திருக்கும்படி சொல்லப்பட்டது. அடியில் சாலமோனின் கையெழுத்து.

ஹலீமாவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. இந்த மூன்று வருஷத்தில் அவர் ஒரு தாயிடமும் கடிந்து பேசி அவள் கேட்டதில்லை.

“நாளைக்கு நான் சேரன்மாதேவி போறேன். நீயும் வா.”

“வீடு தெரியுமா சார்?”

“விசாரிச்சு வச்சிருக்கேன். விசாரிச்சே ஆறு வருஷம் ஆச்சு. போகத்தான் மனசு வரலை.”

மறுநாள் காலை பஸ்ஸில் போய் இறங்கினார்கள். கல்யாண மண்டபத்தைத் தாண்டி மூன்றாவது வீடு. எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சாலமோன் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் முன்னால் நின்றார்.

“என்னைத் தெரியுதாம்மா? டாக்டர் சாலமோன். உங்க மகனை எழுபத்தெட்டுல என்கிட்ட கொண்டுவந்தீங்க.”

கீரை ஆய்ந்த கை நின்றது.

“தெரியுது.”

“பிள்ளை இப்படி ஆனதுக்கு நீங்கதான் காரணம்னு சொன்னேன். அது தப்பும்மா. உங்களால வந்ததில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

பூரணத்தம்மாள் கீரையை ஓரமாக ஒதுக்கி வைத்தாள்.

“அன்னைக்குக் கூட வந்த என் மாமியா அதை ஊரெல்லாம் சொல்லிட்டாவ. பிள்ளையைக் கெடுத்தவள்னு எனக்குப் பேரு. எங்க வீட்டுக்காரர் சாகுற வரைக்கும் அதை நம்பிட்டுத்தான் போனாவ.”

சாலமோன் தலை குனிந்து நின்றார்.

“நீங்க கட்டிப் பிடிக்கச் சொன்னீய. பிடிச்சேன், ரெண்டு வருஷம். பிடிச்சா அலறுவான், கடிப்பான். பாசம் பத்தலை போலன்னு இன்னும் இறுக்கிப் பிடிப்பேன்.” முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். பழைய பல் தடம் இருந்தது.

“அப்புறம் எப்படிம்மா விட்டீங்க?” என்றாள் ஹலீமா.

“ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். பிடிக்கத் தெம்பில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துட்டேன். கொஞ்ச நேரத்துல முதுகுல என்னமோ பட்டுது. அவன் வந்து என் முதுகுல தன் முதுகைச் சாய்ச்சு உட்கார்ந்திருக்கான். நான் அசையலை. அப்படியே ஒரு மணி நேரம் இருந்தான். கட்டிப் பிடிச்சா ஆகாது, முதுகு கொடுத்தா போதும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.”

“யாரும் சொல்லித் தரலையா?”

“அவன்தான் சொன்னான்.”

“அப்பவே பேசினானா?”

“பேச்சு பதினோரு வயசுலதான் வந்துது. ரெண்டு வருஷமா அலறினானே, அதுவும் சொன்னதுதானம்மா.”

அப்போது ஐம்பது வயதுக்காரர் ஒருவர் தெருவிலிருந்து வந்தார். அந்நியர்களைக் கண்டதும் சுவரோரம் நின்றார். இசக்கியப்பன் அவர்தான். சாலமோன் கை நீட்டவில்லை. மெல்லிய குரலில் வணக்கம் சொன்னார்.

“நாளைக்கு முகூர்த்தம். நானூறு சேர் போட்டாச்சு,” என்றார் இசக்கியப்பன், தரையைப் பார்த்து. பிறகு உள்ளே போய்விட்டார்.

“மண்டபத்துல வேலை,” என்றாள் அம்மா. “இவன் சேர் போட்டு முடிக்கிற வரைக்கும் அங்க மைக் செட்டைத் தொட மாட்டாவ. சத்தம் இவனுக்கு ஆகாது. சின்ன வயசுல இதே தெருவுல கல்லெறிஞ்சு விரட்டினாவ. இப்போ இவன் நடந்து வந்தா பைக்ல வர்றவன் ஹாரன் அடிக்க மாட்டான். யாரு சொன்னான்னு தெரியலை. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் பழகிட்டாவ.”

சாலமோன் அவளெதிரே தரையில் உட்கார்ந்தார்.

“வியாழக்கிழமை எங்க ஆஸ்பத்திரிக்குத் தாய்மார் நிறைய பேர் வர்றாங்க. முதுகு கொடுத்த கதையை அவங்களுக்கு வந்து சொல்ல முடியுமாம்மா?”

“எனக்குப் படிப்பில்லையே ஐயா.”

“எனக்கு இருந்துதே.”

பூரணத்தம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். முதல் முறையாகச் சிரித்தாள்.

“வர்றேன். முகூர்த்தம் இல்லைன்னா அவனையும் கூட்டிட்டு வர்றேன். காப்பி குடிச்சுட்டுப் போங்க.”

மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார் சாலமோன். வயல்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. ஹலீமாவுக்கு மனசு கேட்கவில்லை.

“சார், அன்னைக்குப் புத்தகத்துல அப்படித்தான் இருந்துது. நீங்க வேற என்ன சொல்லியிருக்க முடியும்?”

“புத்தகம் மேசை மேல இருந்துது. அந்தம்மா எதிர்ல உட்கார்ந்து, ‘தொட்டா அழுறான் ஐயா, தொட்டா அழுறான்’னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நான் புத்தகத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன்.”